பிறைத்தகட்டுக் குப்பைவாரி: புற்றரையில் தாட்ச் எடுக்க இதை வாங்கலாமா?

புல்லின் அடியில் சேரும் பழுப்பு நார்மெத்தையான தாட்சை எடுக்க ‘தாட்ச் ரேக்’ என்று கடையில் தொங்குவதை இன்னொரு வகைக் குப்பைவாரி என்று நினைத்து வாங்கினால் முதல் நாளே ஏமாற்றம்தான். இலை வாருகிற வாரி மேலே கிடப்பதைக் கூட்டி எடுக்கும். இது புல்லுக்குள் இறங்கி அறுக்கும். வழக்கமான பல்லுக்குப் பதிலாக, ஒரு தண்டில் வரிசையாகக் கோத்த பிறைவடிவ இரும்புத் தகடுகள் இதில் இருக்கின்றன. கனடாவின் பெரிய வன்பொருட்கடைகளில் கிடைக்கும் வழமையான அளவு 15 அங்குல அகலத் தலை, அதாவது 38 சென்ரிமீற்றர். தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையில் ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் இடைவெளி. தலையின் ஒரு பக்கத்தில் தகடுகள் உருண்டு வளைந்திருக்கும், மறுபக்கத்தில் முனை நீண்டு கூராக இருக்கும். நட்டைத் தளர்த்தித் தலையின் சாய்வை மாற்றினால் தகடு இறங்கும் ஆழம் மாறும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ரொறன்ரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்ப்ரன் பக்கத்து வீடொன்றில், 100 சதுர மீற்றருக்கு உட்பட்ட புற்றரையில், தாட்ச் ஒன்றரை முதல் இரண்டரை சென்ரிமீற்றர் வரை தடித்திருந்தால் இந்தக் கருவி வாடகைக்கு எடுக்கும் தாட்ச் இயந்திரத்தைவிட நல்ல வேலை செய்யும். தாட்ச் அதைவிடக் குறைவென்றால் வாங்கவே வேண்டாம். வாங்குகிறவர்களில் பலருக்கு உண்மையில் இது தேவைப்படுவதில்லை. அதனால் கருவியைப் பற்றிப் பேசுமுன் புற்றரையை அளக்க வேண்டும்.

தாட்ச் எது, எது இல்லை

கிடுகு வேய்ந்த கூரைக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். பொருத்தமான பெயர். பச்சைப் புல்லுக்கும் மண்ணுக்கும் நடுவில், செத்ததும் உயிருள்ளதுமான தண்டு, வேர், நிலத்தடித் தண்டு எல்லாம் பின்னிப் பழுப்பு மெத்தையாகக் கிடப்பதே தாட்ச். நன்றாகக் காய்ந்துவிட்டால் அது கிடுகுக் கூரை மாதிரியே வேலை செய்யும். மேலே விழும் தண்ணீரை உள்ளே விடாது, வழித்து ஓட்டிவிடும். தினமும் தண்ணீர் விட்டும் புல் வாடுகிறது என்று குறைப்படுகிற பல வீடுகளில் தண்ணீர் மண்ணுக்குப் போய்ச் சேர்ந்தே இருக்காது.

வெட்டிய புல்லை அங்கேயே விடுவதால் தாட்ச் வருகிறது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தவறு. புல்லின் இலையில் பெரும்பகுதி தண்ணீர். மிச்சமும் மென்மையானது, விரைவில் உக்கிப்போகும். உக்க மறுப்பது மரத்தன்மை தரும் லிக்னின் நிறைந்த தண்டும் வேரும் நிலத்தடித் தண்டும்தான். எனவே இலைக்கும் தாட்சுக்கும் சம்பந்தமில்லை. எந்தப் புல்லுக்குத் தண்டு ஓடுகிறதோ அதற்குத்தான் தாட்ச் சேரும். ஒன்ராறியோவில் சுருளாக விற்கும் புல்விரிப்பு பெரும்பாலும் கென்டக்கி புளூகிராஸ். அது மண்ணுக்கடியில் தண்டு ஓட்டிப் பரவும் இனம். படர்கிற சிவப்பு ஃபெஸ்கியூவும் தாட்ச் சேர்க்கும். தூர்தூராக வளரும் ரைகிராஸ், உயர ஃபெஸ்கியூ ஆகியவற்றில் அது மிகக் குறைவு. அந்த வகைப் புல்மட்டும் உள்ள வளவுக்கு இந்த வாரி தேவையற்ற செலவு.

புதிய குடியிருப்புகளில் இந்தச் சிக்கல் கூடுதலாக வருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வீடு கட்டும்போது பார இயந்திரங்கள் ஓடி இறுகிய களிமண்ணின்மேல் மெல்லியதாக மேல்மண் கொட்டி, அதன்மேல் புல்விரிப்பைப் போட்டுவிடுகிறார்கள். இறுகிய மண்ணில் வேர் இறங்காது. காற்று இல்லாத இடத்தில் மண்புழுவும் நுண்ணுயிரும் குறையும். உக்குவது மெதுவாகும், சேர்வது தொடரும். அதற்குமேல் நைதரசன் பசளையை அளவுக்கு மீறிப் போட்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரும் விட்டால் சில வருடங்களில் மெத்தை ரெடி.

அளப்பது எளிது. ஒரு பழைய சமையற்கத்தியால் 7, 8 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு முக்கோணமாக வெட்டி ஒரு துண்டைத் தூக்குங்கள். பச்சைக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள பழுப்பு நார்ப்படையை விரலால் லேசாக அழுத்திக்கொண்டு அளவுகோல் வையுங்கள். வெயில் படும் இடம், நிழல், நடைபாதையோரம் என்று மூன்று நான்கு இடங்களில் பார்க்க வேண்டும். ஒரே வளவுக்குள் அளவு மாறும். பார்த்த துண்டை அதே குழியில் வைத்து மிதித்துவிட்டால் பிடித்துக்கொள்ளும்.

1.25 சென்ரிமீற்றருக்கு, அதாவது அரை அங்குலத்துக்குக் குறைவென்றால் அதைத் தொடாதீர்கள். அந்தளவு தாட்ச் நல்லது. மண்ணின் ஈரத்தைக் காக்கும், மிதிபடும்போது புல்லின் குருத்தடியைத் தாங்கும், வெக்கையையும் குளிரையும் தணிக்கும். அரை அங்குலத்தைத் தாண்டினால்தான் வேலை.

ஏப்ரலில் பனி உருகியதும் பழுப்பும் சாம்பலுமாகப் புல் படுத்து ஒட்டிக்கிடக்கும். அதைப் பார்த்துத்தான் பலர் இந்த வாரியை வாங்க ஓடுகிறார்கள். அது தாட்ச் இல்லை. பனிக்கடியில் வளரும் பூஞ்சணத்தால் இலைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன, அவ்வளவுதான். விசிறி வாரியால் மெதுவாக நிமிர்த்திவிட்டால் காற்றுப் பட்டுத் தானாகத் தேறும். அந்தச் சமயத்தில் மண் சொதசொதவென்று இருக்கும், வேர்ப்பிடி பலவீனமாக இருக்கும். பிறைத்தகட்டை இறக்கினால் உயிருள்ள புல்லே கையோடு வரும்.

கடையில் எதைப் பார்ப்பது

இந்த வகை வாரிகள் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் மூன்று இடங்களில் தெரியும்.

முதலில் தகடுகள். தலையை நிலத்தில் வைத்துப் பாருங்கள். எல்லா முனையும் நிலத்தைத் தொட வேண்டும். ஒன்றிரண்டு தூக்கிக்கொண்டு நின்றால் அந்த வாரி கோடு விட்டுக் கோடாகத்தான் இழுக்கும். தகட்டை விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். கொஞ்சம்கூட ஆடக்கூடாது. வேர்முடிச்சிலோ புதைந்த கல்லிலோ மாட்டும்போது முதலில் வளைவது ஓரத்துத் தகடுகள்தான்.

இரண்டாவது, தலையும் பிடியும் சேரும் கழுத்து. இந்தக் கருவி கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். தலையைக் காலால் அமுக்கிக்கொண்டு பிடியைத் திருகிப் பாருங்கள். திரும்பினால் வாங்காதீர்கள். தலை பாரமானது, வேலையோ இழுப்பதும் தள்ளுவதுமாக மாறிமாறி நடக்கிறது, ஆகவே இலை வாரிக்குப் போதுமான கழுத்து இதற்குப் போதாது. சாய்வை மாற்றும் நட்டு, கையால் திருகும் இறக்கை நட்டாக இருந்தால் வசதி. ஆனால் அரை மணி நேர வேலைக்குள் அது தளர்ந்துவிடும். ஸ்பானர் போடும் அறுகோண நட்டு உள்ளதை எடுப்பதே எங்கள் தெரிவு. இறக்கை நட்டு உள்ளதை வாங்கினால் நட்டுக்கடியில் ஒரு சுருள் வாஷர் போட்டுவிடுங்கள். சில சதத்தோடு தீர்ந்துவிடும்.

மூன்றாவது, பிடி. மரப்பிடி என்றால் அதன் ரேகை நீளவாக்கில் நேராக ஓட வேண்டும். குறுக்காகச் சரிந்து வெளியேறும் ரேகை உள்ள இடத்தில் பிடி முறியும். தடித்த பெயின்ற் பூசியிருந்தால் ரேகையைப் பார்க்க முடியாது, அதனாலேயே பெயின்ற் பூசாத பிடி மேல். ஃபைபர்கிளாஸ் எளிதில் முறியாது, ஆனால் அதிர்வு கைக்கு ஏறும், கையுறை கட்டாயம். நிறுத்திப் பார்த்தால் பிடியின் நுனி உங்கள் நாடிக்கும் மூக்குக்கும் இடையில் வர வேண்டும். குட்டைப்பிடி வாங்கினால் வேலை முழுவதும் குனிந்தே நிற்க நேரும். இந்த வேலையில் முதுகு நோவுக்கு மெத்தையின் தடிப்பைவிடப் பிடியின் குட்டைத்தன்மைதான் பெரிய காரணம்.

வேறு கருவிகளோடு ஒப்பிட்டால்: நாலு மூலையிலும் மண் நிரவ உதவும் கனத்த இரும்புப் பல் வாரி இதற்கு ஆகாது. பல் தடிப்பு, இடைவெளி அதிகம். அது மெத்தையை அறுக்காமல் கொத்தாகப் பிடுங்கும். கம்பி விசிறி வாரி, நம்மூர் ஈர்க்குமாறு மாதிரி, தளர்ந்து மேலே வந்ததைக் கூட்டுவதற்கு அருமையானது. அரை அங்குலத்தைச் சற்றே தொடும் மெல்லிய தாட்சுக்கு அதைக் கொஞ்சம் அழுத்திப் பாவித்தாலே போதும். பிறைவாரி வாங்கினாலும் விசிறி வாரி பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். ஒன்று இல்லாமல் மற்றது அரைவேலைதான்.

வாடகை இயந்திரம் 200, 300 சதுர மீற்றருக்கு நியாயமானது. சின்ன முன்வளவுக்கு அது பெரிய அடி. ஆழத்தை ஒருமுறை வைத்துவிட்டால் மேடு பள்ளம் பார்க்காமல் ஒரே மட்டத்தில் ஓடும். மேட்டில் வேரை உரிக்கும், பள்ளத்தில் தொடாமலே போகும். கட்டிடக் கற்கள் புதைந்துள்ள புதிய வளவில் கத்திகளும் கெடும். கைவாரியில் மேடு வந்தால் கை தானாகத் தளர்த்தும். மரத்தடி, நடைபாதை ஓரம், பூப்பாத்தி விளிம்பு ஆகிய இடங்களில் இயந்திரம் நெருங்கவே முடியாது.

காலம்

ஒன்ராறியோத் தெற்கில் ஓகஸ்ட் பின்பாதியிலிருந்து செப்ரெம்பர் நடுப்பகுதி வரை. இதைத் தாண்டி வேறொரு நல்ல காலம் இல்லை என்றே சொல்லலாம். மண் இன்னும் சூடாக இருக்கும், இரவு குளிர்ந்திருக்கும், மழை திரும்பியிருக்கும். புளூகிராஸ் தன் இரண்டாவது வேக வளர்ச்சியைத் தொடங்கும் வேளை அது. கிழித்த இடம் மூடுவதற்கு நிலம் உறையுமுன் ஆறு எட்டு வாரம் கிடைக்கும்.

மே மாதத்தில் செய்யலாம் என்பார்கள். புல் வளரத் தொடங்கி இரண்டு தடவை வெட்டிய பிறகென்றால் செய்யலாம்தான். ஆனால் கிராப்கிராஸ் என்ற களையின் விதை முளைக்கும் காலமும் அதுவே. மெத்தையை எடுத்து மண்ணுக்கு வெளிச்சம் காட்டினால் முதலில் எழுவது களை. ஒன்ராறியோவில் 2009 ஏப்ரல் 22 முதல் அழகுக்காகப் பூச்சி, களைநாசினி அடிப்பதற்குத் தடை இருப்பதால் பிறகு அதை மருந்தால் அடக்கவும் வழியில்லை. தடைக்குள் வராத சோளக் குளூட்டன் களைவிதையை முளைக்காமல் தடுக்கும், ஆனால் நீங்கள் போடும் புல்விதையையும் அதே மாதிரித் தடுக்கும். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது.

யூலையில் ஒருபோதும் வேண்டாம். வெக்கையில் புளூகிராஸ் பழுப்பாகி உறங்கும். உறங்குகிற புல்லின் குருத்தடியை அறுத்தால் அது எழும்பாது.

வேலை நடக்கும் விதம்

மழை பெய்து அல்லது ஆழத் தண்ணீர் விட்டு இரண்டு நாள் கழித்துத் தொடங்குங்கள். மண் ஈரமாக, ஆனால் கையில் ஒட்டாத பதத்தில் இருக்க வேண்டும். ஈரம் கூடினால் தூரோடு பிடுங்குப்படும். முழுவதும் காய்ந்திருந்தால் குருத்தடி நொறுங்கும், தகடும் இறங்காது. புல்லை முதலில் வழமையைவிடக் கட்டையாக, 4 அல்லது 5 சென்ரிமீற்றருக்கு வெட்டுங்கள். உயரமாக இருந்தால் ஒரே நாளில் அவ்வளவு கட்டையாக்காமல் மூன்று நாள் இடைவெளியில் இரண்டு தடவையாக இறக்க வேண்டும். வெட்டியதை வாரி அகற்றுங்கள். தண்ணீர் தெளிக்கும் தலைகள், நாய் வளவைத் தாண்டாமல் தடுக்க நிலத்தடியில் ஓடும் வயர் இருந்தால் சிறு கொடி குத்தி அடையாளம் வையுங்கள்.

இப்போது வாரியின் சாய்வு. மிகக் குறைந்த ஆழம் தரும் நிலையில், உருண்ட வளைவுப் பக்கத்தால் தொடங்க வேண்டும். ஒரு சதுர மீற்றர் மட்டும் இழுத்து நிறுத்துங்கள். மேலே வந்ததைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரும்பகுதி பழுப்பு நாராக இருந்தால் ஆழம் சரி. பச்சை நுனியோடு வெள்ளைத் தண்டுகள் நிறைய வந்தாலோ மண்கட்டி வந்தாலோ ஆழம் அதிகம். எதுவுமே வராமல் வாரி மேலே வழுக்கினால் ஒரு படி சாயுங்கள், அப்போதும் வராவிட்டால்தான் கூர்ப்பக்கத்துக்கு மாற்ற வேண்டும். இந்த ஒரு சதுர மீற்றர் சோதனையைத் தவிர்ப்பவர்கள்தான் வளவு முழுவதையும் உழுதுவிட்டுக் கவலைப்படுகிறார்கள்.

இழுப்பு 60 முதல் 80 சென்ரிமீற்றர் நீளத்துக்கு மேல் வேண்டாம். உங்களை நோக்கி இழுக்கும்போது தகடு அறுத்து மெத்தையைத் தூக்கும். அப்படியே மறுபடி தூக்கி வைக்காதீர்கள். நிலத்தை விட்டு எடுக்காமல் சற்று முன்னுக்குத் தள்ளுங்கள். பிறையின் வளைவால் மாட்டியிருந்த நார் தானாகக் கழன்று விழும். இழுப்பு, தள்ளல், அடுத்த இழுப்பு என்று இந்தத் தாளம் பிடிபட்டால் வேலை பாதியாகக் குறையும். தள்ளாமல் இழுத்துக்கொண்டே போனால் நாலைந்து இழுப்பில் தகடுகளுக்கிடையில் நார் இறுகி, வாரி ஒரு பலகையாகிவிடும். அதற்குப்பிறகு அது எதையும் அறுக்காது, உங்களைத்தான் களைக்க வைக்கும்.

அழுத்தத் தேவையில்லை. தலையின் பாரமே இறங்குவதற்குப் போதும். கை செய்யவேண்டியது இழுவை மட்டும். அழுத்தினால்தான் இறங்குகிறது என்றால் சாய்வு தவறு, அல்லது தகடு மொட்டை. நிமிர்ந்து நில்லுங்கள், ஒரு காலை முன்வைத்து உடலைப் பின்னுக்குச் சாய்த்து இழுங்கள், கால்மணிக்கொருமுறை இடக்கை வலக்கையை மாற்றுங்கள். இருபது நிமிடத்துக்கொருமுறை நட்டை இறுக்கிப் பாருங்கள்.

முழு வளவையும் ஒரே திசையில் முடித்து, தளர்ந்ததை விசிறி வாரியால் கூட்டி அகற்றிய பிறகு, தடித்த இடங்களில் மட்டும் குறுக்குத் திசையில் இரண்டாவது தடவை இழுக்கலாம். முதல் தடவையிலேயே சதுரச் சதுரமாக இரு திசையிலும் அறுக்கக்கூடாது. குறுக்கு வெட்டு விழுந்த இடத்தில் புல் பிடிப்பிழந்துவிடும். 50 சதுர மீற்றருக்கு, கூட்டி அள்ளுவதையும் சேர்த்து, ஒருவருக்கு அரைநாள் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் வளவு அசிங்கமாகத்தான் இருக்கும். மெலிந்து, மஞ்சள் பூத்து, அங்கங்கே மண் தெரியும். அது சரியான தோற்றம். மண் தெரிவதே இல்லையென்றால் விதைக்கு இடமில்லை. பாதிக்குமேல் மண்தான் தெரிகிறது என்றால் ஆழம் பிழைத்துவிட்டது.

தாட்ச் இரண்டரை சென்ரிமீற்றரைத் தாண்டியிருந்தால் ஒரே தடவையில் எல்லாவற்றையும் எடுக்க முயல வேண்டாம். அந்தளவு தடித்துவிட்டால் புல் தன் வேரை மண்ணில் விடாமல் மெத்தைக்குள்ளேயே விட்டிருக்கும். மெத்தையை உரித்தால் புல்லும் சேர்ந்து உரியும். இந்த வருடம் மூன்றிலொரு பங்கு, அடுத்த செப்ரெம்பரில் இன்னொரு பங்கு. நடுவில், மண்ணைச் சிறு உருளைகளாகத் துளைத்தெடுக்கும் கோர் ஏரேற்றரால் மண்துண்டுகளை மேலே எடுத்துவிட்டு அவற்றை அங்கேயே உதிரவிடுங்கள். மண்ணோடு வரும் நுண்ணுயிர்கள் மெத்தைக்குள் இறங்கி உக்கவைக்கும். 4, 5 சென்ரிமீற்றர் என்று போய்விட்ட இடத்துக்கு எந்த வாரியும் மருந்தல்ல. உரித்தெடுத்து மண்ணைத் திருத்திப் புதிதாகப் போடுவதுதான் மலிவு.

அள்ளியதை எங்கே போடுவது

இதை எவரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. கணக்கு இப்படி: 100 சதுர மீற்றரில் 1 சென்ரிமீற்றர் தடிப்பை எடுத்தால் 1 கன மீற்றர், அதாவது 1000 லீற்றர். அது அழுந்திய நிலையிலுள்ள அளவு. கிழித்துத் தளர்ந்ததும் இன்னும் பொங்கும். தோட்டக் கழிவுக்கான பெரிய காகிதப் பை ஒன்று கொள்வது 110 லீற்றர் அளவில். 50 சதுர மீற்றரில் அரை சென்ரிமீற்றர் எடுத்தாலே இரண்டேகால் பையின் அளவு, பொங்கியபின் ஐந்தாறு பை. ரொறன்ரோ மாநகரம் வெட்டிய புல்லைத் தோட்டக் கழிவோடு எடுப்பதில்லை. தாட்ச் நிறைந்த பையைப் புல் என்று கருதி விட்டுச்செல்ல வாய்ப்பிருப்பதால் மாநகரத்தின் தகவல் எண்ணான 311 க்கு அழைத்துக் கேட்டுவிட்டுப் பைகளை வெளியே வையுங்கள். பிற நகரங்களில் விதி வேறு.

வளவில் கூட்டெருக் குவியல் இருந்தால் அதிலேயே போடலாம். காய்ந்த தாட்ச் இலைச்சருகு மாதிரிக் கார்பன் மிகுந்தது. சமையலறைக் கழிவோ பச்சைப் புல்லோ கலந்து, நனைத்து, கிளறிவிட வேண்டும். அப்போதும் மெதுவாகவே உக்கும். கடந்த இரண்டு மாதத்தில் களைநாசினி ஏதும் பட்டிருந்தால் மரக்கறிப் பாத்திக்குப் போகும் குவியலில் போடக்கூடாது.

அடுத்த நாலு வாரம்

வாரி தன் வேலையை முடித்தபிறகு நீங்கள் எதுவும் செய்யாவிட்டால் எடுத்த இடத்தில் களை குடியேறும். அன்றே, அல்லது அடுத்த நாளே விதைக்க வேண்டும். புளூகிராஸ் விதை முளைக்க இரண்டு மூன்று வாரம் எடுக்கும், ரைகிராஸ் ஒரு வாரத்தில் தலைகாட்டும். இரண்டும் கலந்ததை வாங்குவது நல்லது. ரைகிராஸ் எடுக்கும்போது எண்டோஃபைற் உள்ளதென்று பையில் எழுதியிருந்தால் அதைத் தெரிவுசெய்யுங்கள். அது புல்லுக்குள் வாழும் ஒரு பூஞ்சணம். புல்லின் சாற்றை உறிஞ்சும் சின்ச் பூச்சிக்கு அந்தப் புல் பிடிக்காது.

சின்ச் பூச்சியை இங்கே சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அதன் வீடே தாட்ச்தான். 4 மில்லிமீற்றர்கூட வராத கறுப்புப் பூச்சி, முதுகில் மடித்த வெள்ளைச் சிறகு. குஞ்சு சிவப்பு, நடுவில் வெள்ளைப் பட்டை. யூலை, ஓகஸ்ட்டில் வெயில் படும் இடங்களில் புல் காய்ந்து, தண்ணீர் விட்டும் பச்சை திரும்பாவிட்டால் இதைச் சந்தேகியுங்கள். அடியையும் மூடியையும் வெட்டிய தகரப்பேணி ஒன்றைப் பச்சைக்கும் பழுப்புக்கும் நடுவிலுள்ள விளிம்பில் சில சென்ரிமீற்றர் மண்ணுக்குள் இறக்கித் தண்ணீர் நிரப்புங்கள். பூச்சி இருந்தால் பத்து நிமிடத்துக்குள் மிதந்து வரும். மருந்துக்குத் தடையுள்ள மாகாணத்தில் மெத்தையைக் குறைப்பதுதான் கையிலுள்ள உறுதியான வழிகளில் ஒன்று. இந்த வாரிக்கு நாங்கள் கொடுக்கும் மதிப்பில் பாதி இதற்காகவே.

விதைத்ததும் மேலே சலித்த கூட்டெரு அரை சென்ரிமீற்றர் தூவுங்கள். 50 சதுர மீற்றருக்கு 250 லீற்றர், 30 லீற்றர்ப் பை என்றால் எட்டு ஒன்பது. புல்லின் நுனி வெளியே தெரிய வேண்டும், மூடிப்போகக்கூடாது. விசிறி வாரியைக் கவிழ்த்துப் பிடித்து நிரவினால் விதை இடம்பெயராது. பிறகு மேற்பரப்பு காயாதபடி தினமும் இரண்டு மூன்று தடவை மெல்லத் தெளிக்க வேண்டும். முளைத்துப் பிடித்ததும் படிப்படியாகக் குறைத்து வாரத்துக்கொருமுறை, ஓரங்குலம் தண்ணீர் என்ற நிலைக்கு வாருங்கள்.

பசளை அளவாக. 100 சதுர மீற்றருக்கு அரைக் கிலோ நைதரசன் ஒரு தடவைக்குரிய முழு அளவு. பையில் 20-0-5 என்று எழுதியிருந்தால் முதல் இலக்கம் நைதரசனின் வீதம், ஆகவே 2.5 கிலோ பசளை. 50 சதுர மீற்றருக்கு அதில் பாதி. கூட்டெருவும் போட்டிருப்பதால் இதற்குமேல் ஒரு பிடியும் வேண்டாம். மெத்தையை வளர்த்ததே அந்த மேலதிகப் பிடிதான். தாட்ச் என்றால் சுண்ணாம்பு போடு என்று சொல்பவர்களும் உண்டு. புளிப்பு மண்ணில் அதற்கு அர்த்தம் இருக்கிறது. தெற்கு ஒன்ராறியோவின் மண் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வந்தது, ஏற்கெனவே நடுநிலையிலோ காரப் பக்கத்திலோ இருக்கிறது. மண் பரிசோதனை சொல்லாமல் சுண்ணாம்பு வாங்காதீர்கள்.

அடுத்த வருடத்திலிருந்து 7 அல்லது 8 சென்ரிமீற்றர் உயரத்துக்கு வெட்டி, வெட்டியதை அங்கேயே விட்டு, தண்ணீரை ஆழமாகவும் அரிதாகவும் விட்டால், மெத்தை திரும்ப அரை அங்குலத்தைத் தொடச் சில வருடமாவது ஆகும். வருடாவருடம் இழுக்க வேண்டிய கருவி இல்லை இது. அயலவர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒன்றை வாங்கிச் சுற்றுக்கு விடுவது மிகப் பொருத்தம். ஒரு வீட்டுக்குச் சில வருடத்தில் அரைநாள்தானே தேவைப்படுகிறது.

சுற்றுக்கு விடுமுன் சில பராமரிப்பு. தகடுகளில் மண் ஒட்டியபடி வைத்தால் ஒரே மாரியில் துருப்பிடித்துச் சாய்வு நட்டு அசையாமல் போய்விடும். தூரிகையால் சுரண்டி, துடைத்து, தகட்டிலும் நட்டின் புரியிலும் கொஞ்சம் எண்ணெய். முனை மொட்டையாகியிருந்தால் தட்டையான அரத்தால் பழைய சரிவு போகாமல் ஒரே திசையில் நாலைந்து தேய்ப்பு. சவரக்கத்தி மாதிரிக் கூராக்க வேண்டாம், அவ்வளவு கூர் உயிர்த்தண்டையும் அறுத்துவிடும். வளைந்த தகட்டைப் பிளையரால் நிமிர்த்தி, தலையை மறுபடி சிமெந்துத் தரையில் வைத்து எல்லா முனையும் தொடுகிறதா என்று பாருங்கள். மரப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்த்து, தகடுகள் சுவரைப் பார்க்க, பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள்.